மச்சான் எடுத்த சிப்பாய்

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பிறகு லோரியில் ஏறி இறக்கும் ஆள், பிறகு ஓட்டுநர், பிறகு சொந்தமாக ஒரு பழைய லோரி. இன்றைக்குப் பட்டர்வொர்த் சாலையில் அரை மணி நேரம் நின்றால் என் பெயர் எழுதிய லோரி ஒன்றாவது உங்களைத் தாண்டிப் போகும். என் பிள்ளைகள் மூவரும் பட்டதாரிகள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நான்.

சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், இதில் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் கை இருந்தது. முதல் லோரிக்குச் சீனத் தவுக்கே முதலாளி ஒருவர் ஜாமீன் நின்றார். கப்பல் வேலை வாங்கிக் கொடுத்தவர் ஒருவர். வீட்டைக் கட்டிக் காத்தவள் என் மனைவி. முழுக்க முழுக்க என் மூளையிலிருந்து மட்டும் வந்தது என்று நான் நெஞ்சைத் தட்டிச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது செஸ் ஆட்டத்தில் என் குதிரை வெட்டு.

ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது துறைமுகக் கிடங்கில். கப்பல் வரும்வரை வேலை இருக்காது. கணக்குப்பிள்ளை ஒருவர் பலகையை விரிப்பார். காய் எப்படி நகரும் என்று மட்டும்தான் அவர் சொன்னார். மற்றதெல்லாம் நானே கண்டுபிடித்தது. செஸ் புத்தகங்கள் கடையில் உண்டு, தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் போட்டு எழுதியிருப்பான். எனக்கு அது வேண்டாம் என்று அப்போதே தள்ளிவிட்டேன். புத்தகம் படித்து ஆடுகிறவன் செத்துப்போனவர்களின் மூளையை இரவல் வாங்கி ஆடுகிறான், நான் என் மூளையில் ஆடுகிறேன் என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

குதிரை வெட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தெரியாதவர்களுக்கும் புரியும்.

எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாய் நிற்பான். ஆட்டத்தின் தொடக்கத்தில் அவனுக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. பெரிய வீட்டில் பின்பக்க ஜன்னல் மாதிரி அது. குறுக்காகப் போகும் என் மந்திரியைத் தூரத்தில் நிறுத்தி அந்தச் சிப்பாயைக் குறி வைப்பேன். அடுத்து என் குதிரை ஒரே தாவலில் முன்னால் போய் அதே சிப்பாயைப் பார்க்கும். எதிராளி பயந்துபோய்த் தன் நடுச் சிப்பாயைத் தள்ளி மந்திரியை மறிப்பான். அந்த நடுச் சிப்பாயை நான் என் சிப்பாயால் எடுப்பேன். அவன் தன் குதிரையால் திருப்பி எடுப்பான்.

அங்கேதான் நான் என் குதிரையைத் தூக்கி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயின் மேல் வைப்பேன். ஒரு சிப்பாய்க்காக ஒரு முழுக் குதிரை. பார்க்கிறவன் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பான். என் குதிரை அங்கே நின்றால் அவனுடைய ராணியும் யானையும் ஒரே நேரத்தில் மாட்டும். அதனால் ராஜாவே இறங்கி வந்து குதிரையை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியதும் என் ராணி வெளியே வந்து செக். செக் வைத்த கையோடு, நடுவில் நிற்கும் அவனுடைய குதிரையின் மேலும் ஒரு கண். ராஜா பின்னால் ஓடினால் நாலு நடையில் மேட். குதிரையைக் காப்பாற்ற முன்னால் வந்தால் பலகையின் நட்டநடுவில், சட்டை போடாமல் பசாருக்கு வந்தவன் மாதிரி நிற்பான். அப்புறம் என் இன்னொரு குதிரையையும் இறக்குவேன்.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெளிநாட்டில் இதற்குப் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்களாம், பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

வேலையைப் பிள்ளைகளிடம் விட்ட பிறகு, சாயங்காலங்களில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையின் அஞ்சடியில் என் மேசை. மதியக் கூட்டம் கரைந்ததும் கடைக்கார பாய் அந்த நடைபாதையில் ஒரு மேசையை எங்களுக்கென்று ஒதுக்கிவிடுவார். அங்கே எனக்கு எதிரே உட்காருவது என் மச்சான், என் மனைவியின் தம்பி. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒல்லி ஆள். பேச்சு குறைவு. என் கல்யாணத்திலிருந்து நானும் அவனும் ஆடுகிறோம். முன்பு தீபாவளி, பொங்கல் என்று வீட்டில் ஆடினோம். இப்போது வாரத்துக்கு நாலைந்து நாள் கடையில்.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எழுந்து போகக் கூடாது. பலகையை அரை வட்டம் திருப்ப வேண்டும். ஜெயித்தவன் தோற்றவனின் காய்களுக்குப் பின்னால், தோற்றவன் ஜெயித்தவனின் காய்களுக்குப் பின்னால். அப்படி உட்கார்ந்துகொண்டு ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி நடத்திப் பார்ப்போம். எங்கே தப்பு, எங்கே பயந்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ஆயிரம் ஏமாற்று வேலை செய்யலாம். பலகையைத் திருப்பிய பிறகு பொய் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்தான்.

எத்தனையோ நாள் என் குதிரை வெட்டை அப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறோம். மச்சான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொல்வான்:

"இங்க ராஜாவ முன்னால கொண்டாந்திருக்கணும் அத்தான். பின்னால போனது பெரிய தப்பு."

அடுத்த தடவை முன்னால் கொண்டு வருவான். அப்போதும் நான் அடிப்பேன். பலகையைத் திருப்புவோம்.

"இந்தத் தடவ இன்னொரு குதிரையக் காவலுக்குக் கூப்பிட்டிருக்கணும்."

அதற்கடுத்த தடவை கூப்பிடுவான். கொஞ்சம் நீடிக்கும். எனக்கே வியர்க்கும். கடைசியில் ஏதோ ஒரு நடையில் சறுக்குவான். எப்போதாவது அவன் ஜெயிப்பதும் உண்டு. ஆனால் அது வேறு விதமாக ஆட்டம் தொடங்கிய நாளாக இருக்கும். குதிரையை வெட்டிய நாளில் அவன் ஜெயித்ததே இல்லை.

"அண்ணே, குதிரையக் குடுத்தாச்சா? மச்சானுக்கு இன்னொரு தே தாரிக் போடவா, ஆறுதலுக்கு?" என்று பாய் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"அவனுக்குச் சீனி கொஞ்சம் தூக்கலா போடுங்க பாய். மூளை வேலை செய்யட்டும்" என்பேன். மச்சான் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

போன வருஷம் நம் ஆட்கள் சங்கம் ஒன்று மண்டபம் எடுத்து எல்லோருக்கும் பொதுவான செஸ் போட்டி ஒன்றை வைத்தது. நான் போட்டிக்கெல்லாம் போனவன் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் ஜெயித்த வெட்டை நாலு பேர் பார்க்க ஆடாமல் சாகக் கூடாது என்று தோன்றியது. பெயரைக் கொடுத்தேன். லோரி ஓட்டுநர்களிடம் சொன்னேன். சம்பந்தியிடம் சொன்னேன். கடையில் தினமும் சொன்னேன். மச்சானையும் பெயர் கொடுக்கச் சொன்னால், "எனக்கு எதுக்கு அத்தான் அதெல்லாம், நான் உங்க கூட வந்து தண்ணி எடுத்துக் குடுக்குறேன்" என்றான். போட்டிக்கு முந்தின வாரம் அவன் முகம் சரியில்லை. இரண்டு தடவை, "வேற மாதிரியும் ஆட்டத்தத் தொடங்கலாமே அத்தான், எல்லாரும் ஒரே மாதிரி ஆட மாட்டாங்க" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெயிக்கிற குதிரையை யாராவது லாயத்தில் கட்டிவிட்டுப் போவார்களா?

முதல் சுற்றில் ஒரு கடைக்காரர். அவர் எங்கெங்கோ காய்களை நகர்த்தினார். வெட்டுக்கு வழியே வரவில்லை. இருந்தாலும் ஜெயித்தேன். அடுத்த சுற்றில் முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். கழுத்தில் வேலை இடத்து அட்டை, தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். "வணக்கம் அங்கிள்" என்று கை கொடுத்தாள். வெள்ளைக் காய் எனக்கு.

சிப்பாய். குதிரை. மந்திரி. அவள் தன் இரண்டு குதிரைகளையும் வெளியே எடுத்தாள். என் குதிரை தாவியது. அவள் நடுச் சிப்பாயைத் தள்ளினாள். நான் எடுத்தேன். எனக்குப் பின்னால் என் ஓட்டுநர்கள் நின்றார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்து, "இப்ப பாருங்க" என்று கண்ணைக் காட்டினேன்.

அந்தப் பெண் என் சிப்பாயைத் தொடவே இல்லை. அதை எடுக்க வேண்டிய குதிரை நின்ற இடத்திலேயே நின்றது. அவள் தன் இன்னொரு குதிரையைத் தூக்கிப் பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். என் மந்திரிக்குப் பக்கவாட்டில். கடிகாரத்தைத் தட்டினாள்.

குதிரையை ஓரத்துக்கு ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அங்கே அதற்குப் பாதி வழிதான் உண்டு. பாவம், படிப்பு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று நினைத்தேன். என் கை தானாகவே போனது. எத்தனை வருஷப் பழக்கம்! குதிரையால் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை அடித்தேன். மேசை அதிரும்படியே வைத்தேன். ராஜா இறங்கி வந்து என் குதிரையை எடுத்தான். நான் ராணியைத் தூக்கி அதற்குரிய இடத்தில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "செக்!" என்றேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், செக் இல்லையே."

குனிந்து பார்த்தேன். என் ராணிக்கும் அவளுடைய ராஜாவுக்கும் நடுவில் ஒரு குதிரை நின்றது. என் சிப்பாயை எடுக்கப் போயிருக்க வேண்டிய அதே குதிரை. அது போகவில்லை. அதனால் வழி அடைத்திருந்தது. மச்சான் ஆடும்போது அந்தக் குதிரை எப்போதும் போய்விடும். பாதை எப்போதும் திறந்திருக்கும். அது தானாகத் திறப்பது அல்ல, ஒருவன் திறந்துவிட்டால்தான் திறக்கும் என்பது எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

ஓரத்துக் குதிரையால் அவள் என் மந்திரியை எடுத்தாள். என்னிடம் குதிரையும் இல்லை, மந்திரியும் இல்லை. பின்னால் நின்ற ஓட்டுநர்களில் ஒருவன், "டீ குடிச்சிட்டு வரேன் முதலாளி" என்று நகர்ந்தான். மற்றவர்களும் போனார்கள். அவர்கள் நல்லவர்கள். அதற்கப்புறம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

தோற்றது பெரிதில்லை. ஆட்டம் என்றால் தோல்வி இருக்கும். நான் வழக்கம் போலப் பலகையை அரை வட்டம் திருப்பினேன். அந்தப் பெண்ணுக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் காட்டினாள்.

"அந்தச் சிப்பாயக் குதிரையால எடுத்தாத்தான் அங்கிள் உங்க அட்டாக். எடுக்கலன்னா ஒண்ணுமே இல்ல. இது எல்லாருக்கும் முதல்ல சொல்லிக் குடுக்கிறதுலா. இவ்வளவு நாளா உங்களுக்கு யாரு எடுத்துக் குடுத்தா?"

எடுத்துக் குடுத்தா என்றாள். அந்தச் சொல் இன்னும் காதில் நிற்கிறது.

"என் மச்சான்" என்றேன்.

அப்போதுதான் மச்சான் இரண்டு கிளாஸ் தண்ணீரோடு வந்து நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, அண்ணே! நீங்களா? அங்கிள், இவரு எங்க ஃபேக்டரியில இருந்தவரு. கேண்டீன்ல எல்லாரையும் அடிப்பாரு. இந்த ஆட்டத்த எனக்குக் காட்டுனதே இவருதான். 'அந்தச் சிப்பாய மட்டும் குதிரையால தொட்டுடாதம்மா'ன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். மச்சான் கிளாஸை அவசரமாகக் கீழே வைத்தான். தண்ணீர் என் பலகையில் சிந்தியது. அவன் சட்டை முனையால் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது அவன் காரில்தான் வந்தேன். வேறு வழியில்லை. சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"எப்பலேருந்துடா?"

"அத்தான்..."

"எப்பலேருந்துன்னு கேட்டேன்."

"அக்கா கல்யாணத்துலேருந்து" என்றான். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் காரை எடுக்கவில்லை. நான்தான், "எடு வண்டிய" என்றேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்த வேகத்திலேயே அவளுக்கும் தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

"உனக்கும் தெரியுமா?"

"உங்களுக்கே தெரியும்னுதாங்க நெனச்சேன்" என்றாள். "தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கீங்கன்னு."

"தெரிஞ்சா ஆடுவேனா? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவேனா?"

"கத்தாதீங்க. அம்மா சொன்னது அது. அவன் என்ன பண்ணுவான்?"

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். சமையல் முடிவதற்குள் பொழுது போகட்டும் என்று நான்தான் மச்சானை ஆடக் கூப்பிட்டேனாம். அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன். கொஞ்ச நேரத்தில் என்னை மேட் செய்துவிட்டானாம். நான் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, போட்ட இலையைக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டேனாம். மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பிறகு எழுந்து வந்து மகன் கன்னத்தில் ஓர் அறை.

"பொண்ணு குடுத்த வீடு நம்ம வீடு. நீ பலகையில ஜெயிச்சு, உங்க அக்கா அந்த வீட்டுல தோக்கணுமாடா?"

இனி மாப்பிள்ளையை ஜெயிக்க மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் கையடித்துக் கொடுத்திருக்கிறான். "எப்பவாவது ஒண்ணு ஜெயிச்சுக்கோ, இல்லன்னா சந்தேகம் வரும்" என்று சொன்னதும் மாமியார்தானாம். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. கொடுத்த வாக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. கப்பல் வந்துவிட்டது. கங்காணி சைக்கிளில் ஆள் அனுப்பியிருந்தார். வந்தவன் சந்து முனையில் மணி அடித்தான். அன்றைக்குப் போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஒருவன் ஏறிவிடுவான். புதுப்பெண்டாட்டியின் வீட்டில், "மூட்டை தூக்கக் கூப்பிடுறாங்க" என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு போனேன். மறுநாள் நான் அந்த ஆட்டத்தை மறந்தே போனேன். தோற்றேனா என்பதுகூட நினைவில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "மாப்பிள்ளை, ஏன் சாப்பிடாமப் போனீங்க?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. நான் ஒரு விளையாட்டில் தோற்றால் பெண்டாட்டியை அடிக்கிற ஆள் என்று அவர்களே முடிவு கட்டி, அந்த ஆளோடு வாழ்நாள் முழுக்கப் பழகிவிட்டார்கள்.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள், "சரிங்க" என்றாள். நம்பினாளா? அதுவும் தெரியவில்லை.

எனக்கு எது வலித்தது என்றால், தோற்றுக்கொடுத்தது அல்ல. தோற்றுக்கொடுப்பது ஒரு நிமிஷ வேலை. பலகையைத் திருப்பிய பிறகு அவன் பேசியது வலித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ஐயோ, இதப் பாக்கலையே அத்தான்" என்பானே, அது. அவன் பார்த்திருக்கிறான். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். நான் நாலு நடை முன்னால் யோசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோது, அவன் எனக்கு எந்த நடையைக் கொடுத்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போவேன் என்று யோசித்திருக்கிறான். பொய் கூடாது என்று நான் வைத்த ஒரே இடத்தில் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறான்.

கொஞ்ச நாள் கழித்து நான் மட்டும் பாய் கடைக்குப் போனேன். பாய் மேசையைத் துடைத்தார்.

"பாய், உங்களுக்குத் தெரியுமா?"

அவர் துணியை உதறினார். "என்னண்ணே தெரியணும்?"

"என் மச்சான் ஆட்டம்."

"காலையில வந்து ரிட்டையர் ஆன சீன வாத்தியார் ஒருத்தரோட ஆடுவாருண்ணே. அது வேற ஆளு. வாத்தியாரு தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு." சொல்லிவிட்டுப் பாய் தானாகவே ஒரு தே தாரிக் கொண்டுவந்து வைத்தார். "இதப் போயி மனசுல வச்சுக்கிட்டு. நம்ம வீட்டுலயும் மாப்பிள்ளன்னா அப்படித்தாண்ணே."

ஆக, தெருவுக்கே தெரியும். நான் உரக்கப் பேசிய ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளே கறி அள்ளிக்கொண்டிருந்தவர்கள் வரை தெரிந்திருக்கிறது. "சீனி தூக்கலா போடுங்க பாய்" என்று நான் சொன்னபோதெல்லாம் அவர் எந்த முகத்தோடு போட்டிருப்பார்? அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை. மேசைக்கும் அப்புறம் போகவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. ஆபீஸில் நான் ஒரு யோசனை சொன்னால் பெரியவன், "அப்பா சொன்னா சரி" என்பான். முன்பு பெருமையாக இருக்கும். இப்போது அவன் கண்ணைப் பார்க்கிறேன். ஓட்டுநர்கள் என் நகைச்சுவைக்குச் சிரித்தால் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனிக்கிறேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் மனைவி சந்தோஷப்படுவது நிஜமா என்றுகூட.

இரண்டு மாதம் மச்சானைப் பார்க்கவில்லை. அவன் போன் செய்தால் நான் எடுப்பதில்லை. கடைசியில் நானே கூப்பிட்டேன். "ஞாயித்துக்கெழம மத்தியானம் வா. வீட்டுல ஆடுவோம். உங்கம்மாவுக்குக் குடுத்த வாக்க நான் வாபஸ் வாங்கிட்டேன். நான்தான் மாப்பிள்ள, எனக்கு அந்த உரிமை இருக்கு. நெசமா ஆடு."

"சரிங்க அத்தான்" என்றான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஜெயிப்பது அல்ல. நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று ஒரு தடவையாவது தெரிய வேண்டும். என் மூளைக்கு என்ன விலை என்று என்னை அறிந்த ஒருவன் உண்மையாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

வந்தான். ஹாலில் பலகையை வைத்தேன். மனைவி காய்கறி நறுக்குகிற சாக்கில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். வெள்ளைக் காயை நானே எடுத்துக்கொண்டேன். சிப்பாய், குதிரை, மந்திரி. குதிரைத் தாவல். அவன் நடுச் சிப்பாயைத் தள்ளினான். நான் எடுத்தேன்.

அவன் கை மேலே வந்தது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. அவன் இன்னொரு குதிரையைத் தூக்கி ஓரத்தில் வைத்தான்.

நான் இந்த முறை வெட்டவில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்தேன் என்று நினைத்தீர்களா? பேரன் லேப்டாப்பில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். மந்திரியைக் காப்பாற்றினேன். நிதானமாக ஆடினேன். அந்த ஆட்டத்தைப் போல் நான் ஆடியதில்லை. அவனும் குனிந்தபடியே ஆடினான். நெற்றியைத் தேய்க்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. காய்களை வைக்கும் விதமே வேறாக இருந்தது, சத்தமில்லாமல், சரியாகக் கட்டத்தின் நடுவில். அவனுடைய ராணியும் ஒரு குதிரையும் மெல்ல என் ராஜாவின் பக்கம் வந்தன. நடுவில் என் மந்திரி ஒன்று நின்றது. நான் நெருக்கடியில் இருந்தேன். ஆனால் சாகவில்லை.

அப்போது அவன் தன் யானையை நகர்த்தி, என் மந்திரியின் வாய்க்கு நேராக வைத்தான். அதற்குக் காவல் எதுவும் இல்லை. சும்மா எடுத்துக்கொள் என்பது போல் நின்றது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மறுபடியுமா? என் வீட்டில், என் சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, நிஜமாக ஆடு என்று வாய்விட்டுக் கேட்ட பிறகும் எனக்கு ஒரு யானையைப் பிச்சை போடுகிறானா? நான் யோசிக்கவே இல்லை. என் ராஜாவைப் படுக்க வைத்தேன்.

"நான் தோத்துட்டேன்."

"அத்தான், ஆட்டம் முடியலையே. யானைய எடுத்திருக்கலாமே."

"தோத்துட்டேன்னு சொல்றேன்ல? வாய மூடிக்கிட்டு ஜெயிச்சிட்டுப் போ."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவன் பலகையின் விளிம்பில் விரலை வைத்தான், அதைத் திருப்பலாமா என்பது போல. நான் திருப்ப விடவில்லை. எழுந்து அறைக்குப் போய்விட்டேன். வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வந்து பார்த்தபோது காய்கள் அப்படியே இருந்தன. யாரும் கலைக்கவில்லை. தனியாக உட்கார்ந்தேன். என் ராஜாவை எழுப்பி நிறுத்தினேன். சரி, எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போமே என்று, மந்திரியால் அந்த யானையை எடுத்தேன்.

மந்திரி நகர்ந்ததும் என் ராஜாவின் வாசல் திறந்துகொண்டது. அது அங்கே நின்று காத்துக்கொண்டிருந்ததே அந்த வாசலைத்தான். அவனுடைய ராணி ஒரே நடையில் உள்ளே. பின்னால் குதிரையின் துணை. ராணியை வெட்ட முடியாது. ஓடலாம் என்றால் பக்கத்துக் கட்டத்தில் என் யானையே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மேட்.

மறுபடி வைத்துப் பார்த்தேன். வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன். யானையை எடுக்காமல் விட்டிருந்தால் தாக்குப்பிடித்திருக்கலாம். எடுத்தால் சாவு. அது பிச்சை இல்லை. வெட்டு. நான் குதிரையைக் கொடுப்பது போல அவன் யானையைக் கொடுத்திருக்கிறான், அதுவும் என்னைவிட அழகாக.

இல்லை, அப்படியும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. யானையைச் சும்மா கொடுக்கத்தான் வைத்திருக்கலாம்; பின்னால் இருந்த மேட் தற்செயலாக அமைந்திருக்கலாம். "எடுத்திருக்கலாமே" என்று அவன் சொன்னது, எடுத்தால் உங்களை அடித்திருப்பேன் என்ற விளையாட்டா, எடுத்துப் பிழைத்திருக்கலாமே என்ற பாவமா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அப்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், இத்தனை வருஷம் பார்த்த முகம்தானே, அதில் எதைக் கண்டுபிடித்தேன்?

போனை எடுத்தேன். ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

"அந்த யானைய நெசமா வெட்டுக்கு விட்டியா, இல்ல எனக்காக விட்டியா? உண்மையச் சொல்லுடா. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம். யாரோ அதைக் குறைத்தார்கள். அவன் மூச்சு விடுவது கேட்டது. எனக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று அவன் யோசிக்கிறான் என்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"நீங்க எப்படி நெனைக்கிறீங்களோ அப்படித்தான் அத்தான்" என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன்.